இடிக்கு முன்னே எழுதி முடிப்பது

மேற்கே மலைக்கு மேல் ஒரு முழக்கம் கேட்டால் போதும், எங்கள் ஊரில் மெயின் சுவிட்சுகள் இறங்கத் தொடங்கும். பங்குனி சித்திரை மதியங்களில் இது சோறு உண்பது போல ஒரு பழக்கம். ஓட்டு வீடானாலும் வளைகுடாப் பணத்தில் எழும்பிய மாடி வீடானாலும் ஒன்றுதான். முதலில் டிவி வயரைப் பிடுங்குவோம், அடுத்து மெயினை இறக்குவோம், பிறகு நாற்காலியை வாசலில் போட்டு மழை பார்ப்போம். இந்த விஷயத்தில் எங்கள் தெருவில் என்னை முந்தியவன் எவனும் கிடையாது. முழக்கம் அடுத்தவன் காதில் விழும்போது என் கை சுவிட்சில் இருக்கும். என் வீட்டில் ஒரு பல்பு கூட இடியில் போனதில்லை என்று எவரிடமும் சவால் விட்டுச் சொல்வேன்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஒரு தேன் பெட்டியை இரவல் வாங்கித் தொழில் தொடங்கினேன். இன்றைக்குக் கல்குளம், விளவங்கோடு இரண்டு தாலுகாவிலும் என் பெட்டிகள் நிற்காத ரப்பர் தோட்டம் குறைவு. ரப்பர் தளிர் விடும்போது காம்பில் ஊறும் இனிப்புக்காக ஈக்கள் பறக்குமே, அந்தப் பருவத்தில் மார்த்தாண்டத்து வியாபாரிகள் என் டின்னை மூடி திறந்து பார்க்காமலே எடுத்துக்கொள்வார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்ல வேறு நிறைய இருக்கிறது.

அதில் முதலாவது என் மகள். ஒரே மகள். கம்ப்யூட்டர் படித்து, பெங்களூரில் ஆஸ்டலிலும் வாடகை முறியிலுமாக வருடங்களை ஓட்டியவள். அவள் இருந்த கம்பெனியில் அவளுடைய பிரிவையே மூடிவிட்டார்கள். பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினாள். வந்த சில மாதத்தில் பெங்களூரிலிருந்தே வேறொரு கம்பெனி கூப்பிட்டது. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுக்கோ போக மனமில்லை. "எனக்கு அந்த ஊரு போதும் அப்பா, இனி இஞ்ச இருந்து எதாவது செய்யணும்" என்றாள். எனக்கும் அதுதான் ஆசை என்று நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லாமலே பழகிவிட்டது.

இங்கே இருந்து செய்ய ஒரு வேலை அகப்பட்டது. கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனி, தேன் பெட்டியை எடை போடும் கருவி செய்கிறது. பெட்டிக்கு அடியில் ஒரு தட்டு. அதிலிருந்து ஒரு வயர், ஓரமாக உள்ள கருவிக்கு. தேன் ஏறுகிறதா, இறங்குகிறதா, ஈக்கள் கூட்டை விட்டுப் போய்விட்டனவா என்று தோட்டத்துக்குப் போகாமலே வீட்டிலிருந்து பார்க்கலாம். அந்தக் கருவிக்குள் ஓடும் புரோகிராமை எழுதும் வேலை என் மகளுக்கு. கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் நிரந்தர வேலை, வீட்டிலிருந்தே. பிடிக்காவிட்டால் பெங்களூர். இவ்வளவுதான் கதை.

வீட்டுக்குப் பின்னால் நிற்கும் என் நல்ல ஈக்கூட்டம் ஒன்றின் பெட்டிக்கு அடியில் தட்டை வைத்தோம். கருவியைத் தேன் ஷெட்டில் பொருத்தினாள். ஒரு வாரம் எடை ஓடியது. அந்த வாரக் கடைசியில் மேற்கே முழங்கியது. நான் மெயினை இறக்கினேன்.

ஷெட்டிலிருந்து மகள் ஓடி வந்தாள். "அப்பா, கரண்டு போச்சா, நீங்க இறக்கினியளா?"

"இடி முழங்குது. பின்ன எல்லாத்தையும் கொளுத்திப் போட்டுட்டு இருக்கவா?"

"எனக்க கருவி ஓடிக்கிட்டு இருக்கே!"

"அதுக்கென்ன மக்கா, கரண்டு வந்தா பின்னயும் ஓடும்."

ஓடியது. ஆனால் அந்த ஒரு வாரத்து எடையைத் திறக்கவே முடியவில்லை. ஃபைல் கெட்டுவிட்டது என்று ஒரே பிடிவாதமாகச் சொன்னது அந்தக் கருவி. மகள் முகம் போன போக்கைப் பார்த்து என் மனைவி அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள்.

"இஞ்சேருங்க, பிள்ளைக்க வேலையக் கெடுத்துப்போட்டு நிக்கியளே, உங்களுக்க கைய வச்சிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா?"

"இடி வந்து கருவி கரிஞ்சு போயிருந்தா அப்ப என்ன சொல்லுவ?"

"அப்பா மேல தப்பில்ல அம்மா" என்றாள் மகள். அதைச் சொன்ன குரல் எனக்குத் திட்டை விட மோசமாகக் கேட்டது. "தோட்டத்து ஷெட்டுல தெனமும் கரண்டு போவும். இது இங்க போனது நல்லதுதான்."

நான் பேட்டரி வாங்கித் தருவதாகச் சொன்னேன். எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டுமானாலும். அவள் தலையை ஆட்டினாள். "தோட்டத்துல பேட்டரி செத்துக் கெடந்தா எவன் பாப்பான்? கரண்டு போனாலும் எழுதினது நிக்கணும். அதுதான் வேலையே."

மறுநாள் காலையில் பெட்டி திறந்து பார்க்கும் நேரம். முகமூடி போடாமல் அவளும் என்னோடு நின்றாள். சின்ன வயதிலிருந்தே அவளை என் ஈக்கள் கொட்டாது. அவள் பெட்டிக்குள்ளிருந்து ஒரு தேனடைச் சட்டத்தைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தாள். மேல் பாதி அறைகள் மெழுகு மூடி வெள்ளையாக இருந்தன. கீழ்ப் பாதியில் தேன் மினுங்கியது, மூடியில்லை.

"இத இப்ப எடுத்தா என்ன ஆவும் அப்பா?"

"புளிச்சுப் போவும். தண்ணி வத்தல்லியே. மூடினாத்தான் தேன்."

"எனக்க எழுத்தும் இந்தக் கீழ்ப்பாதி மாதிரித்தான் கெடந்துது."

அவள் விளக்கினாள். நான் கேட்டேன். நான் ஒன்றைக் கேட்டால் எளிதில் பிடித்துக்கொள்வேன், அது எல்லாருக்கும் தெரியும். கருவிக்குள் ஒரு கார்டு இருக்கிறது, போனில் போடுவது போல. எடை எல்லாம் கடைசியில் அதில்தான் ஒரு ஃபைலாகக் கிடக்க வேண்டும். என் மகள் அந்த ஃபைலைக் கருவியின் ஓர்மைக்குள், அவள் மெமரி என்பாளே அதற்குள், அப்படியே விரித்து வைத்திருக்கிறாள். அதனால் ஓர்மையில் ஓர் இடத்தில் எடையைப் போட்டாலே ஃபைலில் எழுதியது மாதிரி. திரும்பப் படித்தாலும் போட்ட எடையே வரும். எழுதியாயிற்று என்று யாரும் நம்பிவிடுவார்கள். ஆனால் கார்டுக்கு அது இன்னும் போயிருக்காது. கருவியை மொத்தமாக நடத்துகிற பெரிய புரோகிராம் ஒன்று உண்டு. அது தனக்குத் தோன்றும் நேரத்தில், தனக்குத் தோன்றும் பக்கத்தை எடுத்துக் கார்டில் எழுதும். கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடக் கூடாது என்று, நிதானமாக எழுதினால் போதும் என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தாள்.

"அப்ப அது மூடுற வரைக்கும் பொறு" என்றேன்.

"அது அதுக்க நேரத்துக்குத்தான் மூடும். இடி நிக்குமா?"

"நீ இத முன்னால பாக்கல்லியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகைக்குப் பக்கத்துச் சிரிப்பு. "பாத்தேன் அப்பா. எனக்க புரோகிராம ஓட்டத்துல வச்சுக் கொன்னு, பாதியில நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். ஒண்ணும் போவல்ல. பெருமையா இருந்துது. ஆனா புரோகிராம் செத்தா ஓர்மை சாவாது, பெரிய புரோகிராம் அத வச்சிருந்து எழுதிரும். மெயின எறக்கினா ஓர்மையே செத்துரும். அத நான் ஒருக்கா கூட செய்து பாக்கல்ல. லேப்டாப்புல பேட்டரி இருக்கே, ஆஸ்டல்ல இருந்து வேல பாத்தவளுக்கு மெயின் எதுக்கு ஓர்மை வரப்போவுது!"

அங்கேதான் நான் உள்ளே வந்தேன். மெயினை இறக்கிப் பார்க்க ஆள் வேண்டுமா? இந்த ஜில்லாவில் என்னை விட அனுபவசாலி எங்கே கிடைப்பான்?

"பிளக்கப் பிடுங்கினா போதும் அப்பா."

"இடி வந்தா எவன் பிளக்கப் பிடுங்குதான்? தோட்டத்துல எப்படிப் போவுமோ அப்படித்தான் போவணும்."

அன்று முதல் எங்கள் வீட்டில் வானம் தெளிந்திருக்கும்போதும் இடி விழுந்தது. இப்போது இறக்குங்கள் என்று மகள் ஷெட்டுக்குள்ளிருந்து கூப்பிடக் கூடாது, எப்போது இறக்குவேன் என்று அவளுக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது. அது என் நிபந்தனை. பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போய் இறக்குவேன். வேலி கட்டிக்கொண்டிருக்கும்போது மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போய் இறக்குவேன். ஒரு நாள் மீன் குழம்புக்குத் தேங்காய் மிக்சியில் பாதி அரைபடும்போது இறக்கினேன்.

"தேங்கா பாதியில நிக்கு! சவத்து மெயின், இத நானே ஒரு நாள் பிடுங்கிக் கெணத்துல போடுவேன்" என்று அடுக்களையிலிருந்து சத்தம்.

"உனக்க மகளுக்க வேலைக்காகத்தான்."

"அவ கேட்டது ஒருக்கா, நீங்க செய்யியது ஒம்பது வாட்டி. சின்னப் பிள்ளைக்குப் பீப்பி வாங்கிக் குடுத்த மாதிரி."

முதல் சில நாட்கள் தோற்றோம். எடை போட்டதும், இதை எழுதிவிடு என்று பெரிய புரோகிராமுக்குக் கட்டளை கொடுக்கும்படி மாற்றியிருந்தாள். அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. ஆனாலும் நான் இறக்கியபோது மறுபடியும் போனது. அன்று மாலை வரை புருவத்தைச் சுருக்கிக்கொண்டு எதையோ படித்தாள். பிறகு என்னிடம் வந்து சொன்னாள்.

"மார்த்தாண்டத்துக்கு டின் ஏத்திவிட்டா நீங்க என்ன செய்வியள்?"

"போன் வாற வரைக்கும் சோறு உண்ண மாட்டேன். எறக்கியாச்சுன்னு அவன் சொல்லணும்."

"நான் வண்டியில ஏத்திவிட்டதோட உண்ணப் போயிட்டேன். அந்தக் கட்டளையில ரெண்டு விதம் இருக்கு. எழுதுன்னு சொல்லிட்டுத் திரும்பிருதது ஒண்ணு. எழுதி முடிச்சேன்னு பதில் வாற வரைக்கும் நிக்கியது இன்னொண்ணு. அடுத்த எடை எடுக்கியது பிந்திரக் கூடாதேன்னு நான் மொத விதத்தப் போட்டேன்."

இரண்டாம் விதத்தைப் போட்டாள். அதற்குப் பிறகு ஒரு வாரத்து எடை மொத்தமாகப் போவது நின்றது. ஆனால் நான் கை ராசிக்காரன். எழுதிக்கொண்டிருக்கும் அந்த நொடியிலேயே ஒரு தடவை சரியாக இறக்கிவிட்டேன். ஃபைல் மறுபடி திறக்கவில்லை. முதல் பக்கத்தில், உள்ளே எத்தனை எடை இருக்கிறது என்ற எண் கூடிவிட்டது. அந்த எண்ணுக்குரிய எடை உள்ளே போய்ச் சேரவில்லை. கணக்கு உதைக்கிறது என்று கருவி எல்லாவற்றையும் தள்ளிவிட்டது.

"தேன் ஊத்துததுக்கு முன்ன குப்பியில லேபிள் ஒட்டின மாதிரி ஆயிப்போச்சு" என்றாள்.

"அப்ப லேபிளே வேண்டாம்" என்றேன் நான், பெரிய தீர்ப்புச் சொல்வது போல.

"லேபிள் இல்லாட்டா எது நிறைஞ்ச குப்பி, எது காலிக் குப்பின்னு எப்படி அப்பா தெரியும்?" என்று சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அதற்காகவே இன்னும் நாலு தப்பு சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது.

அவளே தீர்த்தாள். முதலில் எடை. அது கார்டில் சேர்ந்துவிட்டது என்று பதில் வர வேண்டும். அதன் பிறகே முதல் பக்கத்து எண். அதற்கும் பதில் வர வேண்டும். அதோடு ஒவ்வொரு எடைக்குப் பக்கத்திலும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்தாள். பாதி எழுதிய எடை இருந்தால் அது பொருந்தாது, அதை மட்டும் தள்ளிவிட்டு மற்றதைத் திறக்கும். ஒவ்வொரு எடைக்கும் நின்று பதில் கேட்டால் கார்டு தேய்ந்துவிடும் என்பதால், கொஞ்சம் எடையைச் சேர்த்து ஒரு சுற்றாக அனுப்பினாள். கரண்டு போனால் அந்தக் கடைசிச் சுற்று போகலாம். அதற்கு முந்தியது எதுவும் போகாது. இதை அப்படியே கம்பெனிக்கும் எழுதி அனுப்பினாள். நான் பிறகும் விடாமல் இறக்கிக்கொண்டிருந்தேன். ஃபைல் ஒவ்வொரு தடவையும் திறந்தது.

மாதக் கடைசி வாரத்தில் கோயம்புத்தூர்க்காரர் வந்தார். நாற்பது வயது இருக்கும், ஷூவைக் கழற்றலாமா கூடாதா என்று வாசலில் யோசித்து நின்றவர். நான் ஏத்தம்பழத்தை வட்டமாக நறுக்கி மேலே தேனை ஊற்றிக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு இன்னொரு தட்டுக் கேட்டார். நல்ல மனிதர் என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஷெட்டில் உட்கார்ந்து அவரும் மகளும் பேசத் தொடங்கினார்கள். நான் வாசலில் நின்றேன். அவர் நிறையக் கேட்டார், அவள் நிதானமாகச் சொன்னாள். மதியம் திரும்பியதும் மேற்கே கறுத்தது. முதல் முழக்கம் வந்தது. என் கால் தானாகவே வீட்டுப் பக்கம் திரும்பியது. அவர் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, கொஞ்ச நேரம் அணைக்காதீங்க. இப்பதான் ஓட்டிப் பாத்துட்டு இருக்கோம். இது பாதியில நின்னா என்னால மறுபடி வர முடியாது."

அடுத்த முழக்கம் கிட்டே வந்தது. கீழ்த் தெருவில் ஒவ்வொரு வீட்டு டிவியும் வாய் மூடுவது கேட்டது. என் வாழ்க்கையில் இடி முழங்கும்போது மெயின் இறக்காமல் இருந்ததில்லை. இறக்கினால், அவள் முகத்துக்கு முன்னால், கம்பெனிக்காரர் முகத்துக்கு முன்னால் ஏதாவது கெட்டுப்போனால், மறுநாள் அவள் பெங்களூருக்குப் பதில் அனுப்பிவிடுவாள். இறக்காமல் விட்டு இடி வந்தால் கருவியே மிஞ்சாது. எந்தக் காரியத்துக்கும் நான் எவரிடமும் யோசனை கேட்டதில்லை. பெட்டி வாங்கியபோது கேட்கவில்லை, வீடு கட்டியபோது கேட்கவில்லை. அன்று கேட்டேன்.

"மக்கா, எறக்கவா?"

அவள் கருவியைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எறக்குங்கப்பா."

"மேடம்..." என்று அவர் எழும்பினார்.

"அதுக்குத்தானே சார் செய்திருக்கு" என்றாள்.

இறக்கினேன். நான் ஷெட்டுக்குத் திரும்புவதற்குள் மழை தகரத்தில் கொட்டத் தொடங்கியது. பேசினால் கேட்காது. மின்னல் அடித்தபோதெல்லாம் கோயம்புத்தூர்க்காரர் கண்ணை இறுக்கி மூடினார். ஒரு இடி எங்கள் மேட்டுக்கு அப்பால் எங்கேயோ இறங்கியது, நிலம் அதிர்ந்தது. என் மனைவி தலையில் ஒரு பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு கட்டன் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரையும் எதுவும் கேட்காமல் மகள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் எதுவும் கேட்காமல் உட்கார்ந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

மழை விட்டது. மெயினை ஏற்றினேன். கருவியின் பச்சை விளக்கு சிமிட்டியது. மகள் லேப்டாப்பைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள், தான் தொடாமல். அவரே திறந்தார். திறந்தது.

அவர் விரலை வைத்து வரிவரியாகக் கீழே வந்தார். கடைசியில் நிறுத்தினார். "கடைசிச் சுற்று இல்லையே?"

"அது போவும்னு எழுதித் தந்திருந்தேன் சார்."

அவர் சிரித்தார். "ஆமா. போகும்னு சொன்னது மட்டுந்தான் போயிருக்கு." பிறகு ஓர் இடத்தைக் காட்டினார். "இங்க ஏன் எடை இப்படிக் குத்தா ஏறுது? தட்டுல ஏதும் கோளாறா?"

இதற்கு அவள் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "கோளாறு இல்ல சார், எனக்க ஈக்க. மழ வருதுன்னு தெரிஞ்சு எல்லாம் ஒண்ணா கூட்டுக்குத் திரும்பி வந்திருக்கு. வெளிய போனதுக்க கனம் அது."

அவர் அந்த வரிகளை மறுபடி ஒரு தடவை பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். எனக்கு அந்த எண்கள் ஒன்றும் மனசிலாகவில்லை. ஆனால் என் கூட்டம் முழுதும் மழைக்கு முன்னே வீடு வந்து சேர்ந்தது அதில் இருக்கிறது, நான் மெயினை இறக்கிய பிறகும் அழியாமல் இருக்கிறது என்பது மனசிலாயிற்று. அவர் ஒரு முடிவும் சொல்லாமல் நாகர்கோவில் பஸ் ஏறினார். தேன் ஒரு குப்பி வாங்கிக்கொண்டு போனார், நான் காசு வாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. மகள் போனை எடுத்துக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவே நடந்தாள். நானும் மனைவியும் அடுக்களை ஜன்னலில், ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது.

"ஆமா சார்... இல்ல, வீட்டிலிருந்துதான்... மாசத்துக்கு ஒரு தடவ வரலாம், வரதுல ஒண்ணும் இல்ல... சரி சார்... அப்பா கிட்டயா? சொல்லுதேன்."

"என்ன சொன்னாவ?" என்று என் மனைவி ஜன்னல் வழியே கத்தினாள்.

"அடுத்த கருவிக்கும் மெயின் எறக்க அப்பா வேணுமாம்!"

அன்று மதியம் அவள் பெங்களூருக்கு வரவில்லை என்று பதில் அனுப்பினாள். நான் மார்த்தாண்டம் போய், தேன் கொடுக்கும் கடை ஒன்று விடாமல் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அவள் பின்பக்கம் நின்று எதையோ அளந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, ஷெட்டுல வெக்கை தாங்கல்ல. இந்த எடத்துல எனக்கு இருந்து வேல பாக்க ஒரு முறி கெட்டித் தருவியளா?"

அந்த இடத்தில் என் பெட்டிகள் வரிசையாக நின்றன. தேன் பெட்டியை நினைத்த இடத்துக்கு ஒரேயடியாகத் தூக்கி வைக்க முடியாது. வெளியே போன ஈக்கள் பழைய இடத்துக்கே வந்து வட்டமிட்டுச் செத்துப்போகும். இருட்டுமுன் ஒரு முழம் நகர்த்த வேண்டும், மறுநாள் மாலையில் இன்னொரு முழம். மேஸ்திரி வந்து கயிறு பிடிக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தினமும் மாலையில் பெட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தென்பக்கம் நகர்த்தினோம். ஒரு ஈ கூட வழி தவறவில்லை.